பாலாறு தாண்டினால் பேச்சு கட்

நம்ம நண்பர்கள் வட்டத்தில் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது: "வெச்சிருக்கறது பழைய கார். அதுல ஹேண்ட்ஸ்ஃப்ரீ கிட் போட முடியுமா?" தாராளமாக முடியும். ஒரு சனிக்கிழமை மத்தியானம் போதும். ஆனால் அந்த மத்தியான வேலைக்குப் பின்னால் கிட்டத்தட்ட நூறு வருடக் கதை இருக்கிறது. அதன் ஒரு ஓரம் எங்கள் ஊர்ப்பக்கத்துப் பாலாற்றுப் பாலம் வரைக்கும் வருகிறது. அதையெல்லாம் விட்டுவிட்டு வெறும் ஒயர் கலரை மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை. கொஞ்சம் நீளமாகப் போகும். காபியோ டீயோ பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில், எந்தப் பாலாறு? வேலூர்ப் பக்கம் மணலாகக் கிடக்கிற அந்தப் பெரிய பாலாறு இல்லை. மேட்டூரிலிருந்து கொளத்தூர், கோவிந்தப்பாடி வழியாக மாதேஸ்வரன் மலைக்குப் போகிற ரோட்டில் குறுக்கே வரும் சின்ன ஆறு. மேட்டூர் அணையின் தேக்கத் தண்ணீர் எட்டிப் பார்க்கிற இடத்தில் காவிரியோடு சேர்கிறது. இந்தப் பக்கம் தமிழ்நாடு, அந்தப் பக்கம் கர்நாடகா. அந்தக் கரை எப்போதுமே கர்நாடகமாக இருந்ததில்லை. கொள்ளேகால் தாலுகா 1956 வரை நம் கோயமுத்தூர் மாவட்டத்தில் இருந்தது. 1956 நவம்பர் 1 அன்று மொழிவாரி மாநிலப் பிரிப்பில் மைசூர் மாநிலத்துக்குப் போய் மைசூர் மாவட்டத்தோடு சேர்ந்தது. 1997ல் சாமராஜநகர் தனி மாவட்டமானது வரை அந்தக் கரைக்கு விலாசம் மைசூர் மாவட்டம்தான். கோடு மாறினாலும் சனம் மாறவில்லை. இன்றைக்கும் சேலம், தர்மபுரி, ஈரோட்டுக்காரர்கள் அமாவாசைக்கு அமாவாசை அந்தப் பாலத்தைத் தாண்டித்தான் மாதேஸ்வரனைக் கும்பிடப் போகிறார்கள்.

சரி, காருக்கு வருவோம்.

போன் முதலில் சட்டைப்பைக்குள் வந்தது, பிறகு காருக்குள் போனது என்றுதான் நம்மில் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நடந்தது நேர் தலைகீழ். 1928ல் அமெரிக்காவில் டெட்ராய்ட் போலீஸ் தங்கள் கார்களில் ரேடியோ ரிசீவர் வைத்தார்கள். கேட்கத்தான் முடியும். பதில் சொல்ல வேண்டுமென்றால் வண்டியை நிறுத்தி, இறங்கி, எங்காவது போன் தேட வேண்டும். 1933ல் நியூ ஜெர்சியின் பேயோன் நகரப் போலீஸ் கார்களில் இரண்டு பக்கமும் பேசுகிற ரேடியோ வந்தது. இதற்கு நடுவில், 1930ல், சிகாகோவின் கால்வின் சகோதரர்கள் காரில் பாட்டுக் கேட்க ஒரு ரேடியோ செய்து அதற்கு மோட்டரோலா என்று பேர் வைத்தார்கள். மோட்டார் வண்டியில் ஓடுவதால் அந்தப் பேர். வண்டி ஓட்டும்போது பாட்டுக் கேட்டால் கவனம் சிதறாதா, இதைத் தடை செய்யலாமா என்று அப்போதே சண்டை எழுந்தது. அந்தக் கேள்வி இன்னும் நம்மை விட்டுப் போகவில்லை.

1946 ஜூன் 17 அன்று மிசௌரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் நகரில் ஒரு காரிலிருந்து சாதாரண டெலிபோன் எண்ணுக்கு முதல் கால் போனது. பெல் கம்பெனியின் சேவை அது. கருவிகளின் எடை மட்டும் 36 கிலோ! டிக்கியில் பாதி இடத்தை அதுவே அடைத்துக்கொள்ளும். எண்ணைச் சுழற்ற முடியாது. ஆபரேட்டரைக் கூப்பிட்டு, இன்ன நம்பர் வேண்டும் என்று சொல்ல வேண்டும். பேசும்போது ரிசீவரில் ஒரு பட்டனை அழுத்திக்கொண்டே பேச வேண்டும், கேட்கும்போது விட்டுவிட வேண்டும். மூன்றே சேனல்கள். நாலாவது ஆள் பேச வேண்டுமென்றால் யாராவது முடிக்கும் வரை காத்திருக்க வேண்டும்.

ஏன் கார்? காரணம் பாட்டரி. அந்தக் காலத்து வால்வு ரேடியோவுக்குத் தீனி போட கார் பாட்டரியைத் தவிர வேறு எதுவும் கூடவே நகர்ந்து வராது. ஆக நடமாடும் போனின் பிறந்த வீடே பழைய கார்தான். 1973 ஏப்ரல் 3 அன்று நியூயார்க் தெருவில் மோட்டரோலாவின் மார்ட்டின் கூப்பர் கையில் பிடிக்கிற போனில் பேசிக் காட்டினார். ஒரு எண்ணைக் கூப்பிட்டால் ஓர் ஆள் கிடைக்க வேண்டும், ஒரு மேசையோ ஒரு வண்டியோ அல்ல என்பது அவருடைய வாதம். ஆனாலும் 1979ல் டோக்கியோவில் தொடங்கிய முதல் செல்லுலார் சேவை கார் போனுக்காகத்தான் வந்தது. 1983 அக்டோபர் 13ல் சிகாகோவில் அமெரிக்காவின் முதல் வணிகச் செல்லுலார் கால் போனதும் ஒரு காரிலிருந்துதான்.

இத்தனைக்கும் ஒரு கை ஸ்டியரிங்கில், இன்னொரு கை ரிசீவரில். மைக்கையும் ஸ்பீக்கரையும் பிரித்து வைத்தால் கை காலியாகிவிடுமே என்று யாருக்கும் தோன்றும். தோன்றியது. ஆனால் எதிரொலி விடவில்லை. ஸ்பீக்கரில் வரும் எதிராளியின் குரலை நம் மைக் பிடித்து அவருக்கே திருப்பி அனுப்பிவிடும். அவர் பேசியது அவர் காதிலேயே அரை விநாடி கழித்து விழுந்தால் எப்படிப் பேசுவார்? வெளிநாட்டுக்கு வந்த புதிதில் ஊருக்கு ஐ.எஸ்.டி. போட்டவர்களுக்கு இந்த அவஸ்தை தெரியும். "நல்லாயிருக்கியா" என்று நாம் கேட்க, "நல்லாயிருக்கியா" என்று நம் குரலே திரும்பி வந்து நம்மை நலம் விசாரிக்கும்.

இதற்கு வழி கண்டவர்களில் முக்கியமானவர் நம் நாட்டுக்காரர். பெல் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த மன் மோகன் சோந்தி. தானே கற்றுக்கொண்டு எதிரொலியைக் கழிக்கும் ஏற்பாட்டை அவரும் சகாக்களும் உருவாக்கினார்கள். 1967ல் அதைப் பற்றிய அவருடைய கட்டுரை வந்தது. யோசனை எளிமையானது: ஸ்பீக்கருக்குப் போகிற ஒலி நமக்குத் தெரியும். அது மைக்குக்குத் திரும்பி வரும்போது எப்படி இருக்கும் என்று கணக்கிட்டு, மைக்கில் வருவதிலிருந்து அதைக் கழித்துவிட்டால் மிச்சம் ஓட்டுநரின் குரல் மட்டும். அவர்கள் தலைவலி நீண்டதூர டெலிபோன், செயற்கைக்கோள் வழிப் பேச்சு. ஆனால் அதே கணக்குதான் இன்றைக்கு உங்கள் கார் கிட்டுக்குள் ஒரு சிப்பில் ஓடிக்கொண்டிருக்கிறது. புலம்பெயர்ந்த ஓர் இந்தியர் எதிரொலியைக் கழித்த புண்ணியத்தில்தான் நாம் காரில் உட்கார்ந்து அம்மாவோடு பேசுகிறோம்.

இந்தியாவில் செல்போன் பேச்சு தொடங்கியது 1995 ஜூலை 31. மேற்கு வங்க முதல்வர் ஜோதிபாசு கல்கத்தாவிலிருந்து டெல்லியில் மத்திய அமைச்சர் சுக்ராமைக் கூப்பிட்டார். அப்போது நெரிசல் நேரத்தில் நிமிடத்துக்கு 16 ரூபாய் 80 காசு வரை. வருகிற காலுக்கும் காசு! 2003 மே மாதம்தான் உள்வரும் அழைப்பு இலவசமானது. அதற்கு முன் "மிஸ்டு கால் குடு, நான் பூத்துலேர்ந்து கூப்பிடறேன்" என்பதே நம் தேசிய கீதம்.

இந்தக் கணக்கில் பாலாற்றுக்கும் ஒரு பங்கு உண்டு. டெலிபோன் இலாகா நாட்டை வட்டங்களாகப் பிரித்திருந்தது. தமிழ்நாடு ஒரு வட்டம், கர்நாடகம் இன்னொன்று. பாலாற்றுப் பாலம் இரண்டுக்கும் நடுவிலான கோடு. பாலத்துக்கு இந்தப் பக்கம் உள்ளூர், அந்தப் பக்கம் ரோமிங். 2017 வாக்கில் பெரிய கம்பெனிகள் நாட்டுக்குள் ரோமிங் கட்டணத்தை எடுக்கும் வரை, 1956ல் போட்ட அந்தக் கோட்டைச் செல்போன் பில்லிலும் பார்க்க முடிந்தது. செக்போஸ்ட்காரர் கவனிக்காமல் விட்டாலும் போன் கம்பெனி விடாது.

ரோமிங்காவது பரவாயில்லை. அங்கே காட்டுக்குள் போனால் சிக்னலே இருக்காது. அந்தக் காட்டில் ஒரு செய்தியை ஒருவருக்கு ஒருவர் கொண்டுபோய்ச் சேர்ப்பது எவ்வளவு பெரிய விஷயமாக இருந்தது என்று எங்கள் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். 1993 ஏப்ரல் 9 அன்று பாலாறு அருகே வீரப்பன் ஆட்கள் வைத்த கண்ணிவெடியில் போலீஸார், வனத்துறையினர் உட்பட 22 பேர் இறந்தார்கள். செல்போன் இந்தியாவுக்கு வர இன்னும் இரண்டு வருடம் பாக்கி. மலை மடிப்புகளில் அடிபடும் வயர்லெஸ்ஸை நம்பித்தான் வண்டிகள் போய் வந்தன. ஏழு வருடம் கழித்து, 2000 ஜூலை 30 அன்று, தாளவாடிப் பக்கம் தொட்டகாஜனூரில் நடிகர் ராஜ்குமாரை வீரப்பன் கடத்தினான். அப்போது நகரத்தில் செல்போன் இருந்தது, அமைச்சர்கள் கார்களிலும் இருந்தது. ஆனாலும் அந்த 108 நாளும் காட்டுக்குள்ளிருந்து செய்தி வந்தது ஆடியோ கேசட்டில்தான். நக்கீரன் கோபால் தூதராக உள்ளே போய் வந்தார். இரண்டு மாநில அரசுகளும் ஒரு கேசட் மலையிறங்கி வருவதற்காகக் காத்திருந்தன.

2006 விடுமுறையில் ஊருக்குப் போனபோது மாமாவின் பழைய மாருதி 800க்கு இங்கிருந்து ஒரு ப்ளூடூத் கிட் கொண்டுபோனேன். சாக்லேட், தைலம், சட்டைத்துணி, அதோடு இதுவும். மாமா வியாபாரி. பத்து நிமிடத்துக்கு ஒரு போன் வரும். ஒரு தோளைத் தூக்கி, கழுத்தைச் சாய்த்து, போனை இடுக்கிக்கொண்டே கியர் போடுவார். அத்தைதான் என்னிடம் ரகசியமாகச் சொன்னது: "ஏதாச்சும் பண்ணு கண்ணு, இவரு கூட வண்டியில உக்காந்தா எனக்கு உசுரு இல்ல."

மாட்டியது எப்படி என்று கேட்பவர்களுக்காக இந்தப் பகுதி.

முதலில் வண்டியில் 12 வோல்ட்டா, நெகட்டிவ் எர்த்தா என்று பார்க்க வேண்டும். 1960கள் வரை வந்த பல பிரிட்டிஷ் கார்களில் பாசிட்டிவ் எர்த். அதில் கண்ணை மூடிக்கொண்டு கிட்டை மாட்டினால் கிட் புகையும். பிறகு பாட்டரியின் நெகட்டிவைக் கழற்ற வேண்டும். ஐரோப்பிய 1990களின் கார் என்றால் அதற்கு முன்பே ஸ்டீரியோவின் கோட் எண் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். மின்சாரம் போய் வந்தால் பல ஸ்டீரியோக்கள் கோட் கேட்கும்.

கிட்டுக்கு வேண்டியது மூன்று ஒயர். எப்போதும் கரண்ட் இருப்பது ஒன்று, பெரும்பாலும் மஞ்சள். சாவி திருப்பினால் மட்டும் வருவது ஒன்று, சிவப்பு. எர்த், கறுப்பு. ஆனால் கலரை நம்பாதீர்கள், மல்ட்டிமீட்டரை நம்புங்கள். சில கார்களில் மஞ்சளும் சிவப்பும் இடம் மாறியிருக்கும். மாறி மாட்டினால் கிட் ராத்திரி பூரா விழித்திருந்து பாட்டரியைக் குடித்துவிடும். ஃப்யூஸ் இல்லாமல் எதையும் இழுக்க வேண்டாம். ஸ்டீரியோவின் பின்னால் ஐ.எஸ்.ஓ. பிளக் இருந்தால் நடுவில் ஒரு இணைப்பு ஒயரைச் செருகினால் போதும். கால் வந்ததும் பாட்டை நிறுத்துகிற மியூட் ஒயரும் அதிலேயே வரும். மாமாவின் மாருதியில் பிளக்கும் இல்லை ஒன்றும் இல்லை. ஒவ்வொரு ஒயராகத் தேடிப் பிடித்து, சால்டர் வைத்து, டேப் சுற்ற வேண்டியிருந்தது.

மைக்கைக் கண்ணாடிக்குப் பக்கத்திலோ, ஓட்டுநர் பக்கத் தூணின் மேலேயோ, வாயைப் பார்த்து வைக்க வேண்டும். காற்று வரும் ஏ.சி. வாய்க்கு நேராக வைத்தால் எதிராளிக்குப் புயல் சத்தம்தான் கேட்கும். ஏர்பேக் இருக்கிற காரானால் அது விரியும் வழியில் எதையும் ஒட்டவோ, ஒயரைக் குறுக்கே கொண்டுபோகவோ கூடாது. எஞ்சினை முடுக்கும்போது ஸ்பீக்கரில் "ஙொய்ங்" என்று சத்தம் ஏறி இறங்கினால் ஆல்ட்டர்னேட்டர் வேலை. எர்த்தை நல்ல இரும்பில், பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு மாட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

ப்ளூடூத்துக்கு முன்னால் வந்த கிட்கள் ஒரே போன் மாடலுக்கு மட்டும் பொருந்தும். போனை மாற்றினால் தொட்டிலையும் தூக்கி எறிய வேண்டும். எரிக்சன் கம்பெனியில் 1994ல் தொடங்கிய ப்ளூடூத் வேலை 1999ல் பொது விதியாக வெளிவந்தது. அதன் பிறகுதான் காரின் வயசும் போனின் வயசும் ஒன்றையொன்று பாதிக்காமல் போயின. பழைய காருக்கு அது பெரிய வரம்.

கிட் மாட்டின மறுநாள் மாதேஸ்வரன் மலைக்குக் கிளம்பினோம். கொளத்தூர் தாண்டும் வரை மாமா இரண்டு கையும் ஸ்டியரிங்கில் வைத்து, காற்றோடு வியாபாரம் பேசிக்கொண்டு வந்தார். அத்தைக்குப் பரம திருப்தி. பாலாற்றுப் பாலம் தாண்டியது. கொஞ்ச தூரத்தில் ஒரு வாக்கியத்தின் நடுவில் எதிராளி காணாமல் போனார். "மாப்ள, போன் செத்துப்போச்சு. இனி மலையேறி எறங்கற வரைக்கும் நான் உங்களோடதான்" என்றார் மாமா. அப்புறம் பேசினார் பாருங்கள், அணைத் தண்ணி வற்றினால் தலைகாட்டும் பழைய கோயிலில் தொடங்கி, ஊர்க்கதை முழுக்க. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். மலைப்பாதையில் வளைவு வரும்போதெல்லாம் அத்தை கேட்டுக்கொண்டிருந்த கேள்வியைப் பாதியில் நிறுத்திவிடுவார். வளைவு முடிந்ததும் மீதியைக் கேட்பார். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ரோடு அவருக்கும் தெரிகிறது, அவ்வளவுதான்.

கை காலியானதே தவிர கவனம் காலியாகவில்லை என்று ஆராய்ச்சிக்காரர்கள் அதற்கு முன்பே எழுதியிருந்தார்கள். 1997ல் டொராண்டோவில் 699 ஓட்டுநர்களின் போன் கணக்கையும் விபத்து நேரத்தையும் ஒப்பிட்டு ரெடல்மையரும் டிப்ஷிரானியும் பார்த்தார்கள். போன் பேசும்போது விபத்து வாய்ப்பு நாலு மடங்கு. ஹேண்ட்ஸ்ஃப்ரீக்கு அதில் எந்தச் சலுகையும் தெரியவில்லை. 2005ல் ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் விபத்தில் அடிபட்டு மருத்துவமனைக்கு வந்த 456 ஓட்டுநர்களைப் பார்த்தார்கள். அங்கேயும் நாலு மடங்கு, கையில் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும். 2008ல் யூட்டா பல்கலைக்கழகத்தில் ட்ரூஸ், ஸ்ட்ரேயர் குழுவினர் பக்கத்து சீட்டுப் பேச்சையும் போன் பேச்சையும் ஒப்பிட்டார்கள். பக்கத்தில் இருப்பவர் ரோட்டைப் பார்த்துப் பேச்சைக் குறைக்கிறார், கூட்டுகிறார், சில சமயம் "பாத்துப் போ" என்றும் சொல்கிறார். போனில் இருப்பவரால் அது முடியாது. நம் அத்தை செய்ததைத்தான் அவர்கள் சிமுலேட்டர் வைத்து நிரூபித்தார்கள்.

ஆனால் சட்டம் கையைத்தான் பார்த்தது. பிடிக்க எளிது அதுதானே! நான் இருக்கும் பிரிட்டனில் 2003 டிசம்பர் 1ல் கையில் போன் பிடித்து ஓட்டத் தடை வந்தது. அபராதம் 30 பவுண்டு. 2007ல் 60 பவுண்டும் 3 புள்ளியும். 2017ல் 200 பவுண்டும் 6 புள்ளியும். ஒவ்வொரு தடவை ஏறும்போதும் நம் ஆட்கள் ஒரு கிட் வாங்கினார்கள். இந்தியாவிலும் 2019 செப்டம்பர் 1ல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தில் கையில் பிடிக்கும் கருவி என்றுதான் சட்டம் சொல்கிறது. கையைக் கழித்துவிட்டால் ஆபத்தும் கழிந்துவிட்டது என்று நாமாக ஒரு சமன்பாடு போட்டுக்கொண்டோம்.

நம்மைப் போன்றவர்களுக்கு இது கூடுதல் சிக்கல். காலை எட்டு மணிக்கு நான் வேலைக்குக் கிளம்பினால் ஊரில் மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம். சாயங்காலம் ஆறு மணிக்குத் திரும்பினால் அங்கே படுக்கப் போகும் நேரம். ஊரோடு பேச வாய்க்கும் இரண்டு நேரமும் ஸ்டியரிங் முன்னால்தான். அம்மாவுக்கு நாம் எங்கே இருக்கிறோம் என்று தெரியாது. "சாப்ட்டியா, குழந்தை இருமுதா" என்று ஆரம்பித்து, நடுவில் ஒரு நிலத் தகராறு, கடைசியில் யாருக்கோ உடம்பு சரியில்லை. நாம் மணிக்கு 70 மைலில் லாரிக்குப் பக்கத்தில் போய்க்கொண்டிருப்போம்.

2011ல் ஒரு சாயங்காலம், எம்4 ரோட்டில் ரெடிங் பக்கம் வந்துகொண்டிருந்தேன். தம்பி கூப்பிட்டான். கிட் எடுத்தது. அவன் கேட்ட முதல் கேள்வி: "அண்ணா, வண்டி ஓட்டிக்கிட்டு இருக்கியா?" ஆமாம் என்றேன். "ஒண்ணும் அவசரமில்ல. ஓரமா எங்கயாச்சும் நிறுத்திட்டுக் கூப்புடு" என்று வைத்துவிட்டான். குரலில் ஒரு வித்தியாசமும் இல்லை. அடுத்த சர்வீசஸில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டுக் கூப்பிட்டேன். அப்பா போய்விட்டார்.

தம்பி ஊரில் டெம்போ ஓட்டுகிறான். அந்தச் செய்தியை அந்தப் பத்து நிமிடம் தனியாகச் சுமந்துகொண்டு, சாதாரணக் குரலில் பேச அவனால் எப்படி முடிந்தது என்று இன்றைக்கும் நினைப்பேன். ஓட்டுகிறவனுக்குத்தான் ஓட்டுகிறவன் நிலைமை தெரியும் போல.

ஆகவே நண்பர்களே, பழைய காருக்குக் கிட் போடுங்கள். வழி கேட்கவும், "வந்துட்டே இருக்கேன்" என்று ஒரு வரி சொல்லவும் அது நல்ல சாமான். கழுத்தில் இடுக்கிக்கொண்டு ஓட்டுவதற்கு ஆயிரம் மடங்கு மேல். ஆனால் 300 ரூபாய் கிட்டிலும் 300 பவுண்டு கிட்டிலும் இல்லாத ஒரு பாகம் உண்டு. அதை ஊரில் இருப்பவர்களுக்குத்தான் பொருத்த வேண்டும். எங்கள் வீட்டில் இப்போது அம்மா முதற்கொண்டு எல்லாரும், ஹலோவுக்கு முன்னால் "வண்டியில இருக்கியா?" என்றுதான் கேட்கிறார்கள். ஆமாம் என்றால் அம்மா ஒரே வார்த்தைதான் சொல்வார்: "வெச்சிர்றேன்."

அடுத்த முறை ஊருக்குப் பேசும்போது உங்கள் வீட்டிலும் சொல்லிக் கொடுங்கள்.